உடையாத நாட்களின் கணக்கு

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் நான் பராமரிப்புப் பொறியியலாளராகச் சேர்ந்த ஆண்டு, பெரும்போக நெல் வந்து குவியத் தொடங்கிய மாசி மாதத்தில், பச்சை அரிசியில் குறுணல் திடீரெனக் கூடிவிட்டது. முழு அரிசியின் விலை குறுணலுக்குக் கிடைக்காது என்பதால் முதலாளியின் கவலை நியாயமானது. உமி நீக்கும் இயந்திரத்தின் றப்பர் ரோலர்களே காரணம் என்பதில் ஆலையில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை, எனக்கும் இருக்கவில்லை.

அந்த இயந்திரத்தில் இரண்டு ரோலர்கள் எதிரெதிர்த் திசையில், வெவ்வேறு வேகத்தில் சுழலும். வேக வேறுபாட்டால் உண்டாகும் உராய்வே உமியைக் கழற்றுகிறது. இடைவெளி அளவுக்கு மீறிக் குறுகினால் மணி நெரிந்து உடையும். ஆகவே, டொயோட்டாவின் தயீச்சி ஓனோ பரப்பிய, "ஏன்" என்று ஐந்து முறை கேட்கும் வழியை நான் கையில் எடுத்தேன். ஏன் உடைகிறது? அழுத்தம் கூடிவிட்டது. ஏன் கூடியது? ரோலர் சீராகத் தேயவில்லை. ஏன் தேயவில்லை? றப்பர் தரமற்றது. இப்படியே ஐந்தாவது கேள்வி வரை போனேன். ஒவ்வொரு விடையும் பொருத்தமாகவே தோன்றியது, ஆனால் ஒன்றையேனும் நான் சோதித்துப் பார்க்கவில்லை. இரண்டு முறை புது ரோலர் பூட்டியும் குறுணல் குறையவில்லை. அந்த வழிமுறையின் மீது எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் முதல் விடை பிழைத்தால் அடுத்த நான்கு கேள்விகளும் அந்தப் பிழைக்கே வேர் பாய்ச்சும் என்பதை அதைக் கற்பிப்பவர்கள் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

பிறகு, அதே ரோலர்களில் விட்ட புழுங்கல் நெல்லில் குறுணல் வழமையான அளவிலேயே இருப்பதைக் கவனித்தேன். ரோலரில் குற்றமில்லை என்பதற்கு இதுவே சான்று என்று ஒரு பகல் முழுவதும் நம்பியிருந்தேன். அதுவும் அவசர முடிவுதான். நெல்லைப் புழுக்கும்போது மணியிலுள்ள மாப்பொருள் பசையாகி வெடிப்புகளை ஒட்டிவிடுவதால், புழுங்கல் அரிசி மோசமான ரோலரையும் ஓரளவு தாங்கும். எனக்குப் பிடித்த விடைக்குச் சார்பான சான்று வந்தவுடன் நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன்.

வழி காட்டியவர், இயந்திரத்தை இயக்குபவரும் நாங்கள் 'காக்கா' (அண்ணன்) என்று அழைப்பவருமான மூத்தவர். "தம்பி, மெசினுக்குள்ள போக முந்தி அந்த நெல்லப் பாத்தீங்களா?" என்று கேட்டார். இருவருமாக 100 மணிகளைக் கையால் உமி நீக்கி, கண்ணாடித் துண்டொன்றில் பரப்பி, கீழிருந்து கைபேசி வெளிச்சத்தைப் பாய்ச்சினோம். மணியின் குறுக்கே மயிரிழை போன்ற கோடுகள் தெரிந்தன. ரோலரையே தொடாத அந்த 100 மணிகளில் 41 மணிகளில் வெடிப்பு இருந்தது.

எங்கள் பதிவுப் புத்தகத்தில் குறுணல் கூடிய நாட்கள் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. நல்ல நாளில் எழுத என்ன இருக்கிறது என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1986 ஜனவரி 28 அன்று ஏழு பேருடன் சிதறிய சாலஞ்சர் விண்ணோடத்தின் வரலாற்றிலும் இதே குறை உண்டு. அதன் உந்துகணை மூட்டுகளை அடைக்கும் றப்பர் வளையங்கள் சேதமடைந்த முந்தைய பயணங்களை மட்டும் வைத்துப் பார்த்தபோது குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. சேதமில்லாத பயணங்களையும் சேர்த்தபோதுதான், 66 பாகை பரனைட்டிலும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே சேதம் என்பதும், 63 பாகையிலும் அதற்குக் கீழும் நடந்த நான்கிலும் சேதம் என்பதும் வெளிப்பட்டன.

நாங்கள் தராசுத் துண்டுகளை எடுத்து, குறுணல் குறைந்த நாட்களையும் மீட்டெழுதினோம். அந்த நாட்களின் நெல் பெரும்பாலும் சீமெந்துக் களத்தில் காய்ந்து, மாலையில் படங்கால் மூடப்பட்டது. மோசமான நாட்களின் நெல் தார் வீதியோரத்தில் காய்ந்து, இரவும் திறந்தபடி கிடந்தது. பகல் வெயிலில் உலர்ந்த மணி இரவுப் பனியின் ஈரத்தை மீண்டும் உறிஞ்சும்போது அதன் வெளிப்புறம் உப்ப, உட்புறம் இழுபட்டு வெடிக்கிறது. வாசலில் ஈரமானி 14 சதவீதம் என்று காட்டியவுடன் நாங்கள் நெல்லை ஏற்றுக்கொண்டிருந்தோம். அந்த எண் அன்றைய ஈரத்தைச் சொல்லுமே தவிர, மணி அந்த ஈரத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லாது.

இம்முறை ஊகத்தோடு நிற்கவில்லை. ஒரே வட்டையில் ஒரே நாளில் அறுத்த நெல்லை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் படங்கால் மூடியும் மறு பாதியை மூடாமலும் மூன்று இரவுகள் வைத்தோம். பின்னர் இரண்டையும் அதே ரோலரில், அதே இடைவெளியில் குற்றினோம். எது எந்தக் குவியல் என்பதைக் காக்காவிடம் சொல்லாமலே குறுணலை நிறுத்துத் தரச் சொன்னேன். திறந்து கிடந்த குவியலில் குறுணல் தெளிவாகவே கூடுதலாக இருந்தது.

இப்போது பயிற்சிக்கு வரும் இளைஞர்களிடம் முதலில் ஒரு பிடி நெல்லையும் கண்ணாடித் துண்டையும் கொடுக்கிறேன். காரணம் ஒன்றைச் சொன்னால், அது பிழையாயின் நாம் எதைக் காண்போம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது நான் அவர்களுக்கு விதித்த ஒரே நிபந்தனை. சென்ற போகத்தில் அவர்களுள் ஒருவர், படங்கால் மூடிய நெல்லிலும் சில தொகுதிகள் வெடித்திருப்பதைக் காட்டினார். முற்றிய கதிர் அறுவடை இயந்திரத்துக்காக வயலில் காத்து நின்றாலும் அதே பனி அதே வேலையைச் செய்யும் என்பது அவருடைய வாதம். இந்தப் பெரும்போகத்துக்கான பதிவுப் புத்தகத்தில், கதிர் முற்றியதிலிருந்து அறுத்த நாள் வரை எத்தனை நாட்கள் என்பதற்குப் புதிதாக ஒரு நிரல் போட்டிருக்கிறோம்.