ஃபோல்டர் திறக்க ஒரு நிமிஷம்

கல்யாண ஆல்பம் வேலை. 3,000 படம் இருக்கிற ஃபோல்டரைத் திறந்தால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும்; பாதிப் படங்களுக்கு வெறும் வெள்ளைக் கட்டம்தான். ஹார்ட் டிஸ்க் போய்விட்டதோ என்று பயந்தே போனேன். எந்த புரோகிராம் மெஷினை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி ஃபோல்டருக்குள் போனேன். ஆன்டிவைரஸ் வரியில் சிபியு சட்டென ஏறியது. வெளியே வந்ததும் இறங்கியது. குட்டிப் படம் காட்ட, விண்டோஸில் ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் எக்ஸ்புளோரர் ஒவ்வொரு ஃபைலாகத் திறக்கிறது. ஒவ்வொன்றையும் ஆன்டிவைரஸ் நிறுத்திச் சோதிக்கிறது.

“அதை அணைச்சுடுங்கண்ணே” என்றான் கடைப் பையன். கூடவே கூடாது. ஊரார் பென்டிரைவெல்லாம் இந்த மெஷினில்தான் செருகுகிறோம். கேமரா கார்டை முதலில் ஸ்கேன் செய்துவிட்டு, ஆல்பம் ஃபோல்டரை மட்டும் ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் சேர்த்தேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அதில் சேர்க்கவில்லை. இப்போது படங்கள் சடசடவென்று வந்து நிற்கின்றன.