பழைய தேக்கு ஜன்னல் கதவில் ஒரு கண்ணாடி

ரங்கூனில் பழைய வீடு இடிக்கும் இடங்களில் தேக்கு ஜன்னல் கதவுகள் கிடைக்கும். அதில் ஒன்றை முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டமாக்கலாம். வாங்குமுன் அடிச்சட்டத்தை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மழைநீர் தேங்குவது அங்கேதான். முனை மெத்தென்று இறங்கினால் விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாள் போடவே கூடாது. தண்ணீர் தொட்டு, முகமூடி கட்டித் தேயுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். பிறகு நிழலில் 2 வாரம் காயட்டும். மழைக்காலமானால் இன்னும் அதிகம்.

ஆட்டம் கண்ட மூட்டுகளை ஒட்டும்போதுதான் பலரும் சறுக்குவார்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, பசை சரியாகப் பிடிக்காது. அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, அது ஆவியானதும் உடனே பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி 24 மணி நேரம் விடுங்கள். மறுநாள் ஒட்டலாம் என்று வைத்தால் எண்ணெய் மறுபடி மேலே கசிந்துவிடும்.

நடுப்பலகையை எடுத்துவிட்டு அங்கே 4 மி.மீ. முகம் பார்க்கும் கண்ணாடி. பள்ளத்தைவிட 3 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள். மரம் ஊதும்போது இடம் வேண்டும். காடி வாடை வரும் சிலிகான் பசையால் ஒட்டினால் அது கண்ணாடியின் பின்பக்க ரசத்தை அரித்துக் கரும்புள்ளி போடும். நியூட்ரல் வகை கேளுங்கள்.

2 அடிக்கு 1½ அடி கண்ணாடி மட்டுமே 2.8 கிலோ வரும், சட்டம் தனி. வெறும் ஆணி போதாது. சுவரில் பிளக் அடித்துத் திருகாணி முடுக்குங்கள்.

பித்தளைக் கீலைக் கழற்றி எறியாதீர்கள். காந்தம் ஒட்டினால் அது அசல் பித்தளை அல்ல. பளபளக்க, புளியும் உப்பும் போட்டு 20 நிமிடம், அவ்வளவே.