மகளின் இதயக் குழாய்: மார்ச் மாதக் குறிப்புகள்

3 மார்ச் 2025, திங்கள்

மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கள் அப்பா, என் பெயர் மட்டும் வேண்டாம்" என்றாள்.

சிங்கப்பூரில் எங்கள் ஈஷூன் ரயில் நிலையப் படிகளில் ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று ஸ்கேன் படத்தைக் காட்டினார்கள். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் இடது தமனியில், தொடக்கத்திலேயே ஒரு வெள்ளை வளையம். கால்சியம் படிந்து எலும்பைப் போல் கெட்டியாகிவிட்டதாம். என் வயதுக்காரர்களுக்கு வரவேண்டியது. அவளுக்கு வயது 22.

6 மார்ச், வியாழன்

தூக்கம் வரவில்லை. 2005 டிசம்பர்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

மூன்று வயதுக் குழந்தைக்கு ஐந்து நாளாக இறங்காத காய்ச்சல். பீளை இல்லாமல் கண் சிவந்திருந்தது. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. நாக்கு ஸ்ட்ராபெரிப் பழம்போல. பக்கத்து மருந்தக மருத்துவர் கை, கால், வாய்ப்புண் நோய் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறந்தபோது போட்ட பிசிஜி காசநோய்த் தடுப்பூசித் தழும்பு சிவந்து தடித்திருப்பதை என் மனைவி காட்டினாள். அந்த மருத்துவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய மருத்துவமனையில் முதலில் பார்த்ததே அந்தத் தழும்பைத்தான். இது கவாசாக்கி நோய், குழந்தைகளின் ரத்தக் குழாய்ச் சுவர்களைப் புண்ணாக்குவது; தழும்பு அதற்கு ஒரு முக்கியத் தடயம் என்றார்கள். அன்று காய்ச்சலின் பதினோராம் நாள்.

மருந்து இருந்தது. பல்லாயிரம் பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யுனோகுளோபுலின் என்னும் நோயெதிர்ப்புப் புரதம், உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம். எங்கள் 14 கிலோக் குழந்தைக்கு 28 கிராம், ஓர் இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏறியது. பத்து நாளுக்குள் கொடுத்தால் இதயத் தமனி வீங்கும் ஆபத்து நான்கில் ஒன்றிலிருந்து இருபதில் ஒன்று அளவுக்குக் குறையும். நாங்கள் ஒரு நாள் தவறவிட்டோம். 2 மில்லிமீட்டர் அளவில் இருக்கவேண்டிய தமனி 9 மில்லிமீட்டருக்குப் புடைத்துவிட்டது. 8 ஆனாலே ராட்சதப் புடைப்பு என்பார்கள்.

ஜப்பானிய மருத்துவர் தொமிசாக்கு கவாசாக்கி இந்த நோயை முதலில் கண்டது 1961இல், நான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம். ஐம்பது குழந்தைகளைப் பார்த்த பிறகு, 1967இல்தான் எழுதி வெளியிட்டார். ஏன் வருகிறது என்பது இன்றுவரை தெரியவில்லை. அவர் 2020இல் காலமான செய்தியைப் படித்த அன்று, சொந்தத்தில் ஒருவர் போனதுபோல் இருந்தது.

9 மார்ச், ஞாயிறு

இன்று மருத்துவர் சொன்னதை இன்னும் விழுங்க முடியவில்லை.

மகளுக்குப் பத்து வயதானபோது புடைப்பு 5 மில்லிமீட்டராகச் சுருங்கியது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை நிறுத்தினார்கள், ஆஸ்பிரின் மட்டும் தொடர்ந்தது. வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்தோம். அந்தச் சுருக்கம் எப்படி வந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை. புண்பட்ட சுவர் உள்பக்கமாகத் தடித்து வளர்ந்ததால்தான் புடைப்பு சிறிதாகத் தெரிந்திருக்கிறது. புடைப்பின் வாயில் அந்த வளர்ச்சி நிற்காமல் தொடர்ந்து வழியை அடைத்து, பிறகு கல்லாகியிருக்கிறது. எதற்கு நன்றி சொன்னோமோ அதுவே.

பதினாறு வயதில் பள்ளியில் சாதாரண நிலைத் தேர்வு என்று ஓர் இதயப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டோம். பிறகு வீடு மாறினோம். ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. வலி இல்லை, ஓடியாடினாள், போதும் என்று இருந்துவிட்டேன். கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டு குழாய் வேலை பார்த்தவன் நான். வெளியே பளபளக்கும் குழாயை அறுத்தால் உள்ளே விரல் நுழையாத அளவு அடைத்திருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

பலூனால் மட்டும் விரித்தால் என்ன என்று கேட்டேன். இறுகிய சுவர் விரியாது, 10 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் கொடுத்தால் அதே இடத்தில் புதிய புடைப்பு வரலாம் என்றார். ஏறக்குறைய அதே அளவான 10 பார் என்பது பட்டறையில் சாதாரணச் சோதனை அழுத்தம். உயிருள்ள குழாய்க்கு அது அதிகம். பைபாஸும் பேசப்பட்டது. இப்போதைக்கு, தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கால்சியத்தை அரைத்தெடுப்பது என்று முடிவானது. சுழல்முனை அரைப்பு. நுனியில் வைரத்துகள் பதித்த சிறு குமிழ், நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல். என் கை கிரைண்டர் 11,000 சுற்றுதான்.

சுவரையும் சேர்த்து அரைத்துவிடாதா?

"முகச்சவரக் கத்தி முடியை வெட்டிவிட்டுத் தோலை விடுவதுபோல. நெகிழும் திசு விலகிக்கொள்ளும், கெட்டியானது மட்டும் அரைபடும்." அரைபட்ட துகள் சிவப்பணுவைவிடச் சிறியது, ரத்தத்தோடு போய்விடுமாம்.

13 மார்ச், வியாழன்

காலையில் என்று சொன்னது, அவசர நோயாளி ஒருவர் வந்ததால் தள்ளி, நான்கு மணிக்கு மேல் உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் இருந்தபடி, "அப்பா, சாப்பிட்டீர்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

ஏழேகாலுக்குத் தமிழ்த் தாதி ஒருவர் வந்து, "முடிந்துவிட்டது அங்கிள், நன்றாக இருக்கிறார்" என்றார். ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் மட்டும், விட்டு விட்டு அரைத்தார்களாம். பிறகு சிறிய பலூன், குறைந்த அழுத்தம். குழாய்க்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் விட்டுப் பார்த்ததில் வழி போதுமான அளவு திறந்திருந்தது. அருகில் புடைப்பு இருப்பதால் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் சுவரோடு சரியாகப் படியாது என்று வைக்கவில்லை.

என் மனைவி அப்போதுதான் அழுதாள். நோன்பு திறக்கும் நேரம். பக்கத்து இருக்கை மலாய்ப் பெரியவர் மூன்று பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தார். அவர் மகனுக்கும் உள்ளே ஏதோ நடந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து நான் உண்ட முதல் உணவு அது.

14 மார்ச், வெள்ளி

தொடையில் நீலம் பாரித்திருக்கிறது. கஞ்சி குடித்தாள். கைப்பேசியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

23 மார்ச், ஞாயிறு

காலையில் ரத்த வங்கிக்குப் போய்வந்தேன். 2006 முதல் போகிறேன். அந்த 28 கிராமைத் தந்தவர்களில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது.

மாலையில் மகள் ஈஷூன் குளத்தைச் சுற்றி நடந்தாள். அரைத்த இடம் மறுபடி சுருங்கக்கூடும் என்பதால் ஆறு மாதத்தில் மீண்டும் ஆஞ்சியோகிராம். நினைவூட்டல் கடிதம் வரும் என்றார்கள். கடிதத்துக்குக் காத்திருக்கப்போவதில்லை. தேக்கா கடையில் வாங்கிய நாள்காட்டியில் செப்டம்பர் 11, வியாழன் தாளை மடித்து, சிவப்பு மையால் வட்டமிட்டேன். அவளும் வந்து தன் கையால் நேரத்தை எழுதினாள்: காலை 9.40.