கூப்பிட்டது யார்?

வேறு ஊருக்குக் குழுவாகப் போய்ச் சேவை செய்துவிட்டு வருகிற ஊழியப் பயணம் என்று சபையில் அறிவிப்பு வந்ததும் பாதிப் பேர் டி-ஷர்ட் என்ன நிறம் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். டி-ஷர்ட்டுக்கு நான் எதிரி இல்லை, என் அலமாரியிலும் ஒரு அடுக்கு கிடக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் பெயர் கொடுப்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நம்மைக் கூப்பிட்டது யார்?

அங்கே இருக்கிறவர்கள் கூப்பிட்டிருந்தால் வேலைப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சேறு அள்ள வேண்டும், சாக்கடை அடைப்பு எடுக்க வேண்டும், நிவாரண விண்ணப்பம் எழுதத் தெரிந்த ரெண்டு பேர் வேண்டும், வண்டி ஓட்ட ஒருத்தர் வேண்டும் என்று சுவாரசியமே இல்லாமல் இருக்கும். நாமாக முடிவு செய்து கிளம்பினால் பட்டியல் ரொம்ப அழகாக இருக்கும். சுவரில் சித்திரம், பொம்மலாட்டம், பிள்ளைகளுக்கு விளையாட்டு, கடைசி நாள் பரிசுப் பொட்டலம். இரண்டாவது வகையில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் அந்தப் பட்டியல் போகிறவர்களுக்காகப் போட்டது, இருக்கிறவர்களுக்காக அல்ல.

வெள்ளம் வடிந்த ஒரு ஊருக்குப் போனபோது அந்த ஊர்ப் போதகர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "வயசானவங்க வீட்டுல சேறு கிடக்கு, அள்ள ஆள் இல்ல. கிட்டார் வேண்டாம், மண்வெட்டி கொண்டாங்க." அந்த மனிதரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

வெள்ளச் சேற்றைப் பார்த்தால் கனம் தெரியாது, பாண்டுச் சட்டியில் அள்ளித் தூக்கும்போதுதான் தெரியும். வெயில் பட்ட இடத்தில் மேலே பாளம் பாளமாக வெடித்திருக்கும், அடியில் வழவழவென்று ஈரம் அப்படியே நிற்கும், மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வராமல் அடம் பிடிக்கும். சாக்கடையும் கலந்துதான் அது வீட்டுக்குள் வந்திருக்கிறது என்பதால் ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை இல்லாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வரச் சொல்வதும் சும்மா இல்லை. மெயின் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று தெரிந்தவர் ஒருத்தர் பார்க்கும்வரை சுவரில் கை வைக்கக் கூடாது. அப்புறம் இன்னொன்று, ஆர்வக்கோளாறில் பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை கழுவும் ஆசிட்டைக் கலந்துவிடுகிறவர் குழுவுக்கு ஒருத்தராவது இருப்பார். அதிலிருந்து வருவது குளோரின் வாயு. அவரை முதலிலேயே கண்டுபிடித்துத் தண்ணீர் சுமக்க அனுப்பிவிடுங்கள்.

நாங்கள் போன வீட்டில் ஒரு பாட்டி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பாண்டும் அவர் முன்னால் நின்றுதான் தெருவுக்குப் போக வேண்டும். உடைந்த கரண்டி, ஊறிப்போன நோட்டு, ஒற்றைச் செருப்பு என்று எதையும் பார்க்காமல் விடவில்லை. எங்கள் பையன்களுக்குப் பொறுமை போய்விட்டது, மதியத்துக்குள் முடித்து அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஒருத்தன் பின்வாசல் வழியாக வேகவேகமாகக் கொண்டுபோய்க் கொட்ட ஆரம்பித்தான். அந்த ஊர்ச் சபையிலிருந்து எங்களோடு இருந்த அக்கா அவன் கையிலிருந்து பாண்டை வாங்கி வைத்துவிட்டு, சத்தம் போடாமல், "அவங்க பார்த்தப்புறம்தான் வெளிய போகும் தம்பி, இது அவங்க வீடு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு புகைப்பட ஆல்பம் கிடைத்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. எங்களில் ஒருத்தி அவசரமாகப் பிரிக்கப் போனாள், அக்கா விடவில்லை. ஒரு அகலமான பாத்திரத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒட்டிக்கொண்டிருந்த படங்களை அதில் நனைத்து வைத்தார். ஈரப் படத்தை அப்படியே காயவிட்டால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், பிறகு பிரித்தால் முகமே உரிந்து வந்துவிடும், தண்ணீரில் இளகவிட்டுத்தான் பிரிக்க வேண்டுமாம். பிரிந்ததை ஒவ்வொன்றாகப் படம் மேலே தெரிகிற மாதிரி நிழலில் பரப்பினார். பாதிப் படங்கள் போய்விட்டன. மீதியை வைத்துக்கொண்டு பாட்டி இது யார், அது யார், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றைக்குப் பாதி வீடுதான் முடிந்தது. எத்தனை வீடு முடித்தீர்கள் என்று கேட்டால் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத நாள், ஆனால் அந்தப் பயணத்திலேயே உருப்படியான நாள் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். சேறு அள்ளுவதற்கு ஆள் யாராக இருந்தாலும் சரி. எதை, எந்த வேகத்தில் என்று அந்த அக்காவுக்குத்தான் தெரிந்திருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கக் கதை ஒன்று உண்டு. 1998-இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸை அடித்துப் போட்ட பிறகு வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் வரிசையாக அங்கே வீடு கட்டப் போயின. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் பேராசிரியர், அந்த நாட்டிலேயே வாழ்கிறவர், அதைப் பின்னால் ஆராய்ந்தார். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு சுமார் 2,000 டாலரில் கட்டி முடித்த வீட்டுக்கு, வெளியிலிருந்து வந்த குழுவின் செலவு விமான டிக்கெட் எல்லாம் சேர்த்துச் சுமார் 30,000 டாலர். பதினைந்து வீட்டுக் காசு. வீடு கிடைத்த குடும்பங்களைப் பார்த்தால், கட்டிக் கொடுத்தது யார் என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அந்தக் காசை உள்ளூர் அமைப்பிடமே கொடுத்திருந்தால் அந்த ஊர்க் கொத்தனார்களுக்கும் கூலி கிடைத்திருக்கும், செங்கலை நனைக்காமல் அடுக்கினால் கலவையில் இருக்கிற தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும் என்று யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவும் வேண்டியிருந்திருக்காது.

இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கக் குருவானவர் 1968-லேயே இதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மெக்சிகோவில் சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்கள் கூட்டத்தில் நின்றுகொண்டு, சுற்றிப் பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்றார். கூப்பிட்டு மேடை கொடுத்தவர்களிடமே சொல்ல என்ன துணிச்சல்! அவர் சொன்னதை நான் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. உதவிக்குக் கூப்பிடுகிற ஊர்களும் இருக்கின்றன, அங்கே கை தேவைப்படுகிறது.

மென்னோனைட் சபைக்காரர்களைப் பாருங்கள். 1950-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு ஞாயிறு பள்ளி சுற்றுலாவில் ஆரம்பித்ததுதான் அவர்களுடைய பேரிடர் சேவை. கேமராக்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகும் அங்கேயே தங்கி வீடுகளைப் பழுது பார்த்துக் கொடுப்பதில் அவர்களுக்குப் பெயர் உண்டு. 1976-இல் ஒரு கிறிஸ்தவத் தம்பதி தொடங்கிய ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற வீடு கட்டும் அமைப்பில் வீடு பெறப் போகிற குடும்பமே தன் உழைப்பையும் மணிக்கணக்கில் போட்டாக வேண்டும், வீட்டுக்கான கடனையும் அவர்களே கட்ட வேண்டும். போகிற தன்னார்வலர் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று சுமக்கிற ஆள்தான். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது, யாரும் யார் முன்னாலும் கையேந்தி நிற்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாரோடும் சமாதானமாகப் போவதில்லை: பிள்ளைகள் இல்லங்களுக்குப் போய், தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, அழுதுவிட்டு வருவது. அனாதை இல்லம் என்று சொல்லப்படுகிற இடங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள், அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது வறுமை. வாராவாரம் புதுப்புது அண்ணன், புதுப்புது அக்கா வந்து பாசம் காட்டிவிட்டுக் காணாமல் போனால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வருகிறவர்களின் காசுக்காகவே பிள்ளைகளைச் சேர்த்து வைக்கிற இல்லங்களும் உண்டு. 2019-இல் ஐ.நா. பொதுச் சபைத் தீர்மானத்திலேயே இந்த வகைச் சேவைச் சுற்றுலாவைப் பற்றிய கவலை இடம்பெற்றது. அந்தப் பணத்தை ஒரு தாய் தன் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கொடுக்கலாமே.

திரும்பி வந்ததும் சாட்சி சொல்லச் சொல்வார்கள், அதாவது போன அனுபவத்தைச் சபை முன்னால் நின்று சொல்ல வேண்டும். 'கொடுக்கப் போனோம், பெற்றுக்கொண்டு வந்தோம்' என்ற வரி இல்லாமல் ஒரு சாட்சியும் முடிவதில்லை. பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாம் பெற்றதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அங்கே பாக்கி என்ன இருக்கிறது என்று சபைக்கு எப்போது தெரியும்? கடைசியாக என்னைக் கூப்பிட்டபோது பாக்கியைத்தான் வாசித்தேன். பாட்டி வீட்டுப் பின் அறைச் சுவர் இன்னும் காயவில்லை, காயாமல் பெயின்ட் அடித்தால் உப்புப் பூத்து உரிந்துவிடும், அதனால் அடிக்கவில்லை. வயரிங் முழுக்க மாற்ற வேண்டும், அந்த ஊரிலேயே எலக்ட்ரீஷியன் இருக்கிறார், அவருக்குக் கூலி வேண்டும். அந்த அக்கா பார்க்கிற வேலையை விட்டுவிட்டு எங்களோடு நின்றார், அவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. இறங்கி வந்ததும் ஒரு பெரியவர், "கொஞ்சம் ஆவிக்குரியதா பேசியிருக்கலாமே தம்பி" என்றார். சபைப் பொருளாளர் மட்டும் எலக்ட்ரீஷியன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.