வேப்பமரத்து டாக்ஸி ஸ்டாண்ட்

அக்டோபர் 29, 2024

அம்மாவின் வலது கை இன்றும் அசையவில்லை. பேச்சும் வரவில்லை. வாரக்கணக்காகலாம், மாதக்கணக்காகலாம் என்கிறார் டாக்டர். மயூர் விஹாருக்குத் திரும்பும்போது ஆட்டோக்காரர் திரிலோக்புரி வழியாக வந்தார். 32-ஆம் பிளாக், 84-இல் சீக்கியர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற இடம். இத்தனை வருஷம் பக்கத்திலேயே குடியிருந்தும் அந்தப் பக்கம் முகம் திரும்புவதில்லை.

அக்டோபர் 30

தம்பி நாளை ராத்திரி விமானம் ஏறுகிறான்.

அக்டோபர் 31

தீபாவளி. தடை என்று பெயர்தான், சாயங்காலத்திலிருந்தே வெடி. ஐ.சி.யூ. ஜன்னலுக்கு வெளியே புகை. இந்தத் தேதியும் புகையும் சேர்ந்து வந்தால் வயிற்றைப் பிசைகிறது.

40 வருஷம். அன்று புதன்கிழமை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். காலையில் சப்தர்ஜங் ரோடு வீட்டில் இந்திரா காந்தியை அவருடைய காவலர்களே சுட்டார்கள். இரண்டு பேரும் சீக்கியர்கள். இறந்துவிட்டார் என்று ரேடியோ சாயங்காலம்தான் சொன்னது. அதற்குள் எய்ம்ஸ் பக்கம் சீக்கியர்கள்மேல் அடிதடி ஆரம்பித்துவிட்டது, ஜனாதிபதி ஜெயில் சிங் காரின் மேலேயே கல். அப்பா சைக்கிளை உள்ளே ஏற்றி வைத்துவிட்டு, "ஸ்டாண்டுல ஒருத்தரும் இல்ல" என்றார்.

அந்த ஸ்டாண்ட். வேப்பமரம், இரண்டு கயிற்றுக் கட்டில், மஞ்சள் கூரை போட்ட கறுப்பு அம்பாசிடர்கள். சீக்கிய டிரைவர்கள் துவைத்த தலைப்பாகைத் துணியை ஆளுக்கொரு முனையாக இழுத்துப் பிடித்து உலர்த்துவார்கள். நாங்கள் அடியில் புகுந்து ஓடுவோம். தம்பி பிறந்த ராத்திரி, அப்பா டூரில் இருந்தபோது, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்களில் ஒருவர். எங்களுக்கு சர்தார்ஜி மாமா. அம்மா மட்டும் பெயர் சொல்லி, கூடவே 'பையா' (அண்ணா) சேர்த்துக் கூப்பிடுவாள். அந்தப் பெயர் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

நவம்பர் 1

தம்பி வந்துவிட்டான். அவனைப் பார்த்ததும் அம்மா அழுதாள்.

84-இல் இதே நாள் மொட்டைமாடியில் நின்றோம். ஸ்டாண்ட் இருந்த பக்கம் கறுப்புப் புகை, டயர் எரியும் நாற்றம். பக்கத்து வீட்டு டிவியில் இந்திராவின் உடலை வைத்திருந்த தீன்மூர்த்தி பவன், 'கூன் கா பத்லா கூன்' (ரத்தத்துக்கு ரத்தம்) என்ற கூச்சல். அதையும் காட்டிக்கொண்டிருந்தார்கள்! தண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று வதந்தி வேறு. எல்லோரும் குடத்தைக் கவிழ்த்தார்கள். அம்மா எங்கள் முன்னால் ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள். "யாரு கலந்திருப்பாங்க? நம்ம ஸ்டாண்டு ஆளுங்களா?"

நவம்பர் 2

தூக்கமில்லை. அரசாங்கக் கணக்கில் தில்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர்கள் 2,733 பேர். வாக்காளர் பட்டியலையும் ரேஷன் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்போது காங்கிரஸ் எம்.பி.யாக இருந்த சஜ்ஜன் குமாருக்கு உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுக்க 2018 டிசம்பர் ஆகிவிட்டது. அதுவரை கணவனைப் பறிகொடுத்த பெண்கள் கோர்ட் வாசலில் கிழவிகளானார்கள். நினைக்க நினைக்க ஆத்திரமாக வருகிறது. கொளுத்த வந்தவர்களிடம் சர்தார்ஜி மாமா பெயர் இருந்திருக்கும். என்னிடம் இல்லை.

நவம்பர் 3

ரகாப்கஞ்ச் குருத்வாரா. 84-இல் இதையும் தாக்கினார்கள். அப்போது கொல்லப்பட்டவர்களின் நினைவாக இங்கே எழுப்பிய உண்மைச் சுவரில் இருக்கும் பெயர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன், ஏதாவது ஒன்று அம்மா குரலில் கேட்டுவிடாதா என்று. எல்லாமே அவர் பெயராகத்தான் தோன்றியது.

தம்பிக்குக் கோபம். "ஏன்க்கா செத்துட்டார்னே வச்சிருக்க? பஞ்சாப் போய்ப் பிழைச்சிருக்கக் கூடாதா?"

பிழைத்திருக்கட்டும். எண்பது தாண்டியிருக்கும்.

நவம்பர் 5

அம்மா "ம்" என்கிறாள். கேட்கலாமா? இப்படிக் கிடப்பவளிடம் இதைக் கேட்பது சரியா? தம்பி கூடவே கூடாது என்கிறான்.

நவம்பர் 6

கேட்டுவிட்டேன். "டாக்ஸி சர்தார்ஜி பேரு என்னம்மா?" உடனே புரிந்துகொண்டாள். இடது கையால் தம்பியைக் காட்டினாள். அப்புறம் உதட்டைச் சேர்த்து ஏதோ சொல்ல வந்தாள். 'ப'வா 'ம'வா தெரியவில்லை. பி.பி. 180. நர்ஸ் எங்களை வெளியே அனுப்பிவிட்டார். நாளை காலை எம்.ஆர்.ஐ.