ஊஞ்சல் பலகையில் டியூப்லைட் தெரிந்த கதை

மாமியார் வீட்டுக் கொல்லையில் சாத்திக் கிடந்த தேக்குப் பலகை. ஐந்தரை அடி, நல்ல கனம். கடையில் கொடுத்தால் ஒரே நாளில் முடித்துத் தருவார்கள். நானே பாலிஷ் போடுகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

முதல் ஞாயிறு: 80, 120, 220 என்று வரிசையாக உப்புத்தாள். தேய்த்து முடித்தபோது பலகை சாம்பல் பூத்த மாதிரி வெளிறிக் கிடந்தது. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தேன், தேக்கின் ரேகை அத்தனையும் எழுந்து வந்தது. காய்ந்ததும் பழைய வெளிறல். கீறல்களில் பட்டு நாலாபுறமும் சிதறும் வெள்ளை ஒளிதான் மரத்தின் நிறத்தை மறைக்கிறது. தண்ணீர் கீறல்களை நிரப்பியதும் அந்தச் சிதறல் அடங்கி, மரத்துக்குள் போய்த் திரும்பும் பழுப்பு தெரிகிறது. பாலிஷ் செய்வதும் இதைத்தான், காயாமல் நிற்கும் தண்ணீராக.

இரண்டாவது ஞாயிறு: 100 கிராம் அரக்குச் செதிலை அரை லிட்டர் ஸ்பிரிட்டில் முந்தின நாளே ஊறப்போட்டிருந்தேன். பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்து மடித்து மூன்று கோட். நின்றபடி குனிந்து பார்த்தால் டியூப்லைட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புகை. சலித்துப்போய்த் தரையில் உட்கார்ந்து, பலகையின் மட்டத்துக்குக் கண்ணை வைத்தேன். டியூப்லைட் கோடு போட்டது போல் தெரிந்தது!

சாய்வாகப் போகும் ஒளிக்கு மேடுபள்ளம் குறைவாகத்தான் உறைக்கும். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர். நேராக விழும்போது மேடுபள்ளம் ஏறத்தாழ 70 நானோமீட்டருக்குள் இருந்தால்தான் அதற்கு அது வழவழப்பு. செங்குத்திலிருந்து 85 டிகிரி சாய்ந்து வந்தால் 800 நானோமீட்டர் வரை பொறுத்துக்கொள்ளும். போதாததற்கு, நேராக விழும் ஒளியில் அரக்குப் பரப்பு திருப்பி அனுப்புவது 4 சதவீதம்தான். சாயச் சாய அது ஏறிக்கொண்டே போகும். பளபளப்பை அளக்கும் கருவியிலும் 20, 60, 85 என்று தனித்தனிக் கோணங்கள் இருப்பது இதனால்தான்.

மூன்றாவது வாரம் அவசரப்பட்டு மழை நாளில் ஒரு கோட் அடித்தேன். பால் ஊற்றியது போல் வெளுத்துவிட்டது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. வெயில் வந்த நாளில், ஸ்பிரிட் தொட்ட துணியால் இழுத்து இழுத்துத் துடைத்தேன். தொண்ணூறு சதவீதம் போனது. ஒரு மூலையில் மட்டும் அடம்.

பிறகுதான் உண்மையான வேலை. காய்ந்த கோட்டின் மேல் 400ஆம் எண் தாளைப் போட்டதும் இருந்த மினுமினுப்பும் போய்விட்டது, வயிறு கலங்கியது. அதன் மணி ஒவ்வொன்றும் சுமார் 35 மைக்ரான் (ஒரு மைக்ரான் ஆயிரம் நானோமீட்டர்), ஒளியலையோ அரை மைக்ரான்தானே. எண்ணெய் தொட்டு 1000, பிறகு 2000. அதற்கு மேல் நீர்க்கக் கரைத்த அரக்கை நாலு நாள், நாளுக்கு ஆறேழு தடவை. ஐந்தாம் நாள் டியூப்லைட் மட்டுமல்ல, அதன் பட்டியில் அச்சடித்த எழுத்தும் பலகையில் தலைகீழாகத் தெரிந்தது.

மாமியார் வந்து பார்த்தார். "இது உட்கார்றதுக்கா மாப்பிள்ளை, முகம் பாக்கறதுக்கா? கண்ணு கூசுது."

கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. விரல் ரேகை, தூசி எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தது. மிக மெல்லிய ஸ்டீல் வுல்லை (பஞ்சு போன்ற இரும்பு நார்) மர ரேகையின் போக்கிலேயே பாதிப் பலகைக்கு மட்டும் லேசாக ஓட்டினேன். அந்தப் பாதியில் இப்போது பட்டுத்துணியின் மினுக்கம். மூலையில் இருந்த வெள்ளையும் அதில் கண்ணுக்குப் படவில்லை. தரையில் உட்கார்ந்து பார்த்தால் மட்டும் இரண்டு பாதியும் ஒன்றுபோல் டியூப்லைட்டைக் காட்டுகின்றன.

மீதிப் பாதியையும் அப்படியே செய்யச் சொல்லி உத்தரவு. அதற்குள் பித்தளைச் சங்கிலியைப் புளி போட்டுத் துலக்க ஆரம்பித்திருக்கிறேன். பலகையில் வெள்ளையாகத் தெரியும் டியூப்லைட், துலங்கிய வளையத்தில் மஞ்சளாகத் தெரிகிறது. பித்தளை தன் நிறத்தைப் பரப்பிலேயே கலந்து அனுப்புகிறது. இன்னும் நாற்பது வளையம் பாக்கி.