ஃபார்மால் எம்: பின்பக்கப் பெட்டியைத் திறந்தாயிற்று

நான் பழுதுபார்த்து வரும் ஃபார்மால் எம் என்ற பழைய அமெரிக்க டிராக்டரின் இன்ஜின் ஓடுகிறது. இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவைத் துடைத்து, கார்புரேட்டருக்குப் புது கேஸ்கட் போட்டு, பெட்ரோல் டாங்கில் இருந்த துருவை எடுத்ததும் கைப்பிடியைச் சுற்றியே கிளப்ப முடிந்தது. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. இந்தத் தடவை பின்பக்க கியர் பெட்டி. இந்த டிராக்டரைச் செய்த ஆலை ஏன் எழுந்தது, ஏன் விழுந்தது என்பதில் பெரிய பங்கு இந்த இரும்புப் பெட்டிக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஆலை இருந்தது இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பிக் கரையில் உள்ள ராக் ஐலண்ட் ஊரில். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1924-இல் மோலீன் பிளவ் கம்பெனியின் இடத்தை வாங்கி, 1926-இல் ஃபார்மால் டிராக்டருக்கென்றே அதைத் தொடங்கியது. அன்றைக்குச் சந்தையைக் கையில் வைத்திருந்தது ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன். விலை மலிவுதான், ஆனால் உழவோடு அதன் வேலை முடிந்துவிடும். மக்காச்சோளம் முளைத்து நின்ற பிறகு வரிசைக்கு நடுவே களை வெட்ட மறுபடியும் குதிரைதான். ஹார்வெஸ்டரில் இருந்த பெர்ட் பெஞ்சமின் முன்சக்கரம் இரண்டையும் நெருக்கி வைத்து, பின் அச்சைப் பயிருக்கு மேலே உயர்த்தி, உழவு, களை இரண்டுக்கும் ஒரே வண்டி என்று ஆக்கினார். 1928-இல் ஃபோர்டு அமெரிக்காவில் ஃபோர்ட்சன் செய்வதை நிறுத்திக்கொண்டார்.

நான் பிரித்துக்கொண்டிருக்கும் எம் மாடல் 1939-இல் வந்தது. வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி உருவம் கொடுத்த சிவப்பு வண்டி. நாலு சிலிண்டர், 248 கன அங்குலம், சுமார் 35 குதிரைசக்தி. 1952 வரை ஏறக்குறைய 2,70,000 வண்டிகள் செய்தார்கள். அதன் தம்பியான எச் மாடல் 3,90,000-ஐத் தாண்டியது.

என் வண்டி இரண்டாம் உலகப் போர்க்காலத்தது. எண் தகட்டைப் பார்க்காமலே பின்சக்கரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். ரப்பர் தட்டுப்பாட்டால் அப்போது பல வண்டிகள் இரும்புச் சக்கரத்தோடுதான் வெளியே போயின. போர் முடிந்ததும் விவசாயிகள் அந்த இரும்பு வளையத்தை அறுத்து எடுத்துவிட்டு, ஆரக்கால்களில் புது ரிம்மை வெல்டிங் வைத்து டயர் மாட்டிக்கொண்டார்கள். என் வண்டியில் அந்த வெல்டிங் தழும்பு அப்படியே தெரிகிறது. அதைத் தேய்த்து மறைக்கப் போவதில்லை. இரும்புச் சக்கரத்தில் வேகமாக ஓட்டக் கூடாதென்று ஐந்தாவது கியரை ஆலையிலேயே தடுத்து அனுப்பினார்கள். அந்தத் தடையும் இன்னும் உள்ளே இருக்கிறது.

இனி பெட்டி. அடி போல்ட்டைக் கழற்றியதும் முதலில் தண்ணீர் வந்தது, பிறகு தார் மாதிரி கறுத்த எண்ணெய். டீசல் ஊற்றிக் கழுவி, மறுபடியும் ஊற்றிக் கழுவி, மேல் மூடியைத் தூக்கினேன். உள்ளே பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரங்களான புல் கியர் (bull gear) இரண்டும், அவற்றோடு பொருந்தும் சின்னப் பல்சக்கரங்களான பினியன்களும். பல் முகங்கள் பளபளவென்று, விளிம்பு உடையாமல், குழி விழாமல் இருந்தன. கையால் அசைத்துப் பார்த்தால் ஆட்டம் மிகக் குறைவு. பேரிங்குகளில் மட்டும் ஒரு பக்கம் துரு ஏறியிருந்தது, அதை மாற்ற வேண்டும். எண்பது வருஷம் தாண்டிய கியர் இது. வார்த்தவர்களையும் கடைந்தவர்களையும் நினைத்து எனக்கு உண்மையாகவே பெருமிதமாக இருந்தது.

இந்த அமைப்பு இவ்வளவு நன்றாக இருந்ததால் கம்பெனி அதைக் கைவிடவில்லை. சூப்பர் எம், 400, 450 என்று பேர் மாறியது, பின்பக்கம் பெரிதாக மாறவில்லை. 1958-இல் ஆறு சிலிண்டர் 560 வந்தபோதும் கிட்டத்தட்ட அதே பின்பக்கம்தான். 35 குதிரைசக்திக்குப் போட்ட கணக்கின் மேல் அறுபதை ஏற்றினார்கள். வயலில் பினியனும் பேரிங்கும் உடையத் தொடங்கின. 1959-இல் விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்துத் தங்கள் செலவில் சரிசெய்து கொடுத்தார்கள். பக்கத்து ஊரான மோலீனில் தலைமையகம் வைத்திருக்கும் ஜான் டீர் 1960-இல் முற்றிலும் புதிதாக வடிவமைத்த 4010-ஐக் கொண்டுவந்தது. சில வருஷங்களில் முதலிடமும் கைமாறியது. ராக் ஐலண்ட் தொழிலாளியின் கையில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. புதுப் பின்பக்கத்தை வடிவமைக்கப் பணம் ஒதுக்காதது சிகாகோ தலைமையகத்தின் முடிவு.

அதற்குப் பிறகும் ஆலை நன்றாகவே ஓடியது. 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி கம்பெனியின் 50 லட்சமாவது டிராக்டர், ஒரு 1066, இங்கிருந்துதான் வெளியே வந்தது. அதுவரை வேறு எந்தக் கம்பெனியும் தொடாத எண்ணிக்கை அது.

சரிவு வேகமாக வந்தது. 1979 நவம்பரில், கட்டாய ஓவர்டைம் உள்ளிட்ட மாற்றங்களை நிர்வாகம் வற்புறுத்தியதால் வேலைநிறுத்தம் தொடங்கி 172 நாள் நடந்தது. தலைவர் ஆர்ச்சி மெக்கார்டல் காலத்தில் கடன் ஏறிக்கொண்டே போனது. அதே நேரத்தில் வங்கி வட்டி 20 சதவீதத்தைத் தொட்டது, நில விலை சரிந்தது, விவசாயி புது டிராக்டர் வாங்குவதையே நிறுத்தினான். 1984 நவம்பரில் விவசாயப் பிரிவை டென்னகோ என்ற பெருநிறுவனம் வாங்கி, தன்னிடம் இருந்த கேஸ் டிராக்டர் கம்பெனியோடு சேர்த்தது. கேஸுக்கு விஸ்கான்சின் மாநிலத்து ரசீனில் சொந்த ஆலை இருந்ததால் ராக் ஐலண்ட் தேவைப்படவில்லை. 1985 மே 14, கடைசி வண்டி, ஒரு 5488.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு சின்னத் தொடர்பு. மஹிந்திரா 1963-இல் டிராக்டர் தொழிலுக்குள் வந்தது இதே ஹார்வெஸ்டரோடு கூட்டுச் சேர்ந்துதான். நம் வயல்களில் ஓடிய பி-275 ராக் ஐலண்ட் வண்டியில்லை, அது இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் செய்த வடிவம். ஆனாலும் ஒரே குடும்பம்.

அடுத்த வேலை பேரிங், சீல், புது 90 நம்பர் கியர் எண்ணெய். அதன் பிறகு பிரேக். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஐந்தாவது கியர் தடையை எடுப்பேன். மணிக்கு 16 மைல் போகும், இந்த எடைக்கு அது அதிகம். பெயின்ட் கடைசியில்.